செருப்புடன் விளையாடவும்

ஸ்பீக்கரில் காதை வைத்தாள். அதே இரைச்சல்தான். வயிற்றுவலிக்காரன் முனகுவது மாதிரி, விடாமல்.

புதுக் கண்டென்சர் மாட்டியாயிற்று. பற்றுவைத்த சூடு இன்னும் ஆறவில்லை. இரைச்சல் ஒரு இம்மி குறைந்தால்தானே.

முன்னால் பார்த்துவிட்டுப் போன இரண்டு மெக்கானிக்குகள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒருவன் ஸ்பீக்கருக்குள் பஞ்சை அடைத்திருந்தான். இன்னொருவன் வால்யூமைக் குறைத்து, குமிழ் மேல் செல்லோடேப்பை ஒட்டிவிட்டுப் போயிருந்தான். இதற்குப் பெயர் ரிப்பேராம்.

பழைய பின்பால் மேசை அது. கண்ணாடிக்கு அடியில் எஃகுக் குண்டு உருண்டோடும், மணி அடிக்கும், விளக்கு எரியும். தூத்துக்குடி பழைய இரும்புக் கடையிலிருந்து வெள்ளத்துரை அண்ணாச்சி லாரியில் ஏற்றிவந்து, குற்றாலத்தில் தம் கேம்ஸ் கடையின் வாசலோரம் போட்டிருந்தார். அருவியில் குளித்துவிட்டு வருகிற பிள்ளைகள் முதலில் அதில்தான் கை வைப்பார்கள்.

சீசன் முழுக்க அவருடைய ஆறு கடைகளிலும் அவளுக்குத்தான் ரிப்பேர் வேலை. இதை இன்று முடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"சத்தம் மட்டும் போனாப் போதும். சாயங்காலம் கூட்டம் வந்துரும்."

காலையில் வந்ததும் வராததுமாக ஒரு அதட்டல் வேறு. வாசலில் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றப்போனவளை நாற்காலியிலிருந்தே நிறுத்தினார்.

"ஏ முப்பிடாதி, கழட்டாத. தரையெல்லாம் ஈரம்."

மேசைக்கு மேலே சுவரில் ஒரு அட்டையும் தொங்கியது. செருப்புடன் விளையாடவும்.

நல்ல மனுஷன், யாரும் வழுக்கி விழக்கூடாதென்று பார்க்கிறார் என அப்போது நினைத்துக்கொண்டாள்.

ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தாள். டிரான்ஸ்பார்மரை மோந்து பார்த்தாள். பிறகு, மேசைக்கு அடியில் பார்க்க முட்டி போட்டாள். சாரல் அடித்து நனைந்த தரை. சுடிதாரில் ஈரம் ஏறியது. தடுமாறாமல் இருக்க மேசையின் இரும்புக் காலைப் பிடித்தாள்.

தூக்கி எறிந்தது.

இரண்டடி பின்னால் மல்லாந்து கிடந்தாள். தோள்பட்டை வரை விண்விண் என்றது. தொட்ட அந்த ஒரு நொடி மட்டும் இரைச்சல் இறங்கியிருந்தது. அந்த நிலைமையிலும் காது அதைக் கவனித்திருந்தது.

டெஸ்டரை எடுத்து இரும்புக் காலில் வைத்தாள். எரிந்தது. ஓரத்துப் பட்டையில் வைத்தாள். எரிந்தது. குண்டைத் தள்ளுகிற பிடியில் வைத்தாள். அதிலும் எரிந்தது.

வயரைப் பார்த்துக்கொண்டே சுவர் வரை போனாள். சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவினாள்.

மூன்று கம்பி இருக்க வேண்டிய பிளக்கில் இரண்டுதான் இருந்தது. தடிமனான எர்த் கம்பியை ரம்பத்தால் அறுத்து, பிசிறு தெரியாமல் ராவியும் விட்டிருந்தார்கள்.

டிரான்ஸ்பார்மரில் கசிகிற கரண்டுக்கு மண்ணுக்குள் போக வழியில்லை. இரும்பிலேயே நிற்கிறது. ஸ்பீக்கர் முனகாமல் என்ன செய்யும்.

"அண்ணாச்சி, இத யாரு அறுத்தது?"

"நாந்தான்." மறைக்கக்கூட இல்லை. "அது இருந்தா சாரல் நாள்ல லைன் கட்டாயிக்கிட்டே இருக்கு. கடைய நடத்த வேண்டாமா? செருப்பு போட்டுருந்தா ஒண்ணும் ஆவாது. அதான் அட்ட மாட்டிருக்கேம்லா."

காலையில் செருப்பைக் கழற்றாதே என்று அதட்டியது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்தேதான்.

என்ன திண்ணக்கம். செருப்பைப் போட்டுக்கொண்டு அருவியில் குளிக்கிறவன் எவன்? அத்தனை பிள்ளைகளும் சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு வந்து நிற்கிற கடையில் அட்டையாம், அட்டை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை என்ன செய்யுமாம்? சொந்தப் பேத்தியை இப்படி விடுவீரா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது.

"எர்த் போட்டு, டிரான்ஸ்பார்மர மாத்துத வரைக்கும் இத ஓட்டக் கூடாது அண்ணாச்சி."

"அதெல்லாம் சீசன் முடியட்டும். நீ சத்தத்த நிறுத்து. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அவள் கையிலிருந்து பிளக்கை வாங்கினார். அவரே செருகி, சுவிட்சையும் போட்டார். இரைச்சல் திரும்ப ஆரம்பித்தது.

முப்பிடாதி மேசையைச் சுட்டிக் காட்டினாள்.

"சரி. செருப்பக் கழட்டிட்டு நீங்க ஒரு ஆட்டம் ஆடுங்க. நான் சத்தத்த நிறுத்தித் தாரேன்."

அண்ணாச்சி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவர் மேசையைப் பார்த்தார். ஈரத் தரையைப் பார்த்தார். செருப்பிலிருந்து ஒரு விரல்கூட வெளியே வரவில்லை.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. அருவியிலிருந்து ஒரு குடும்பம். எல்லாருக்கும் முன்னால் ஒரு சின்னப் பெண், ஐந்து வயதிருக்கும். பாவாடையிலிருந்து தண்ணீர் வடிந்தது. வெறுங்கால். நேரே மேசையைப் பார்த்துத்தான் ஓடிவந்தது.

முப்பிடாதி சுவிட்சைத் தட்டி அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். கட்டிங் பிளேயரை எடுத்து, வயரை மேசையின் அடியோடு நறுக்கினாள்.

இரைச்சல் நின்றது. அருவி மட்டும் கேட்டது.

"சத்தம் போயிட்டு அண்ணாச்சி."

அவர் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை மேசைக்கு வந்துவிட்டது. இரும்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள் பார்க்க எக்கியது.

அறுத்த வயர் முழுசாக முப்பிடாதியின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏ பிள்ள, தொடாத, தொடாத" என்று கத்திக்கொண்டு பாய்ந்து வந்தது அண்ணாச்சிதான்.