முதல் சுற்று

"முதல் நாளே நீங்க ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. தெரிஞ்சவர் ஓட்டட்டும், பக்கத்துல உட்கார்ந்து பாருங்க" என்று பல் டாக்டரிடம் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள் மனைவி.

பந்தயத் தடத்தின் வழக்கமும் அதுதான். சொந்தக் காரோடு புதிதாக வருபவருக்கு, பயிற்சி தரும் மாஸ்டர் முதல் சுற்றை ஓட்டிக் காட்டுவார். டாக்டர் தன் புத்தம்புது சிவப்புக் காரில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். ஹெல்மெட்டோடு வந்து ஏறியவர் ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினார்.

முதல் வளைவிலேயே டாக்டர் கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். முகத்துக்கு நேரே வந்த சுவர் கடைசி நொடியில் விலகியது. அடுத்த வளைவில் கார் புல்லில் இறங்கி ஏறியது. தன் நாற்காலியில் எத்தனையோ பேரை நடுங்கவைத்தவர், இன்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓட்டியவர் சட்டென்று வேகத்தைக் குறைத்து, அவரைத் திரும்பிப் பார்த்தார். மானம் போகக்கூடாதே என்று டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கார் முன்னைவிட வேகமாகச் சீறியது.

ஒருவழியாக வண்டி நின்றதும் டாக்டருக்குப் பேச்சு வந்தது.

"எப்பவும் இப்படித்தான் ஓட்டுவீங்களா மாஸ்டர்?"

ஓட்டியவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அப்போ மாஸ்டர் நீங்க இல்லையா? வாடகைக்கு ஒரு சிவப்புக் கார் கேட்டிருந்தேன். வாடகைக் கார்ல மாஸ்டர் பக்கத்துல உட்கார்ந்திருப்பார், போய் ஓட்டுங்கன்னாங்க. எனக்கு இன்னைக்குத்தான் சார் முதல் நாள்."

டாக்டர் மெதுவாகத் தன் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"பயத்துல நிறுத்திடலாம்னுதான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்க கட்டைவிரலைக் காட்டிட்டீங்க."