ஏறாத பயணி

பொன்னழகுவை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கனகா கிளம்பிவிட்டாள். கூடவே உருட்டுக்கட்டையோடு புருஷன் பெருமாள்சாமி.

பின்னே? மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செம்பட்டி பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் பார்த்து, வெள்ளைச் சட்டையும் பவுடருமாக வந்து நிற்கிறான் அந்த ஆள். பஸ் வந்ததும் கை காட்டுவான். பிள்ளைகள் ஏறும். இவன் மட்டும் ஏறமாட்டான். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவான்.

கனகாவின் மகள் கீர்த்தனா பத்தாவது. தினமும் அங்கேதான் பஸ் ஏறுகிறாள்.

"அவரு நல்லவரும்மா" என்று மகள் வேறு சொல்ல, அதற்கு மேல் கனகா பொறுக்கவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் புளியமரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றார்கள்.

பஸ் வந்தது. பொன்னழகு கை காட்டினான். பிள்ளைகள் ஏறினார்கள். அவன் சட்டைப்பையைத் தடவினான்.

"அடடா, பர்ஸை மறந்துட்டேனே. நீங்க போங்கண்ணே."

கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ், தெனமும் இதே கதையா? பிள்ளைகளுக்குப் பாஸு, பொம்பளைகளுக்கு ஓசி. டிக்கெட் எடுக்கிற ஆளு ஒண்ணு நிக்குதேன்னு நிப்பாட்டினா, நீயும் ஏறமாட்டேங்கிற. நாளையிலருந்து ஒன்னயப் பாத்தா வண்டி நிக்காது."

பஸ் போய்விட்டது. பொன்னழகு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

கனகா வெளியே வந்தாள். பெருமாள்சாமி கட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"வாங்க மதினி. நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. பஸ்ஸு நிக்காதாம்" என்றான் பொன்னழகு.

"இதுக்காகவா கொழுந்தனாரே தெனமும் வந்து நிக்கிறீக?"

"பெறகு? போன வருசம் பஸ்ஸு நிக்கலைன்னுதான கீர்த்தனாவை மில்லுக்கு அனுப்பப் பாத்தீக? நல்லாப் படிக்கிற பிள்ளை. மனசு கேக்கல."

கனகாவோ இந்த வருஷம் பஸ் ஒழுங்காக நிற்பது மாரியாத்தா புண்ணியம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள். ஆத்தாவுக்கு மாவிளக்குகூடப் போட்டாகிவிட்டது.

"பவுடர் இம்புட்டு எதுக்கு?" என்றார் பெருமாள்சாமி, பேச்சை மாற்ற.

"வெளியூர் போற களை வேணாமாண்ணே? அழுக்கு வேட்டிக்கு அவுக நிப்பாட்ட மாட்டாக."

மறுநாள் காலை. விலக்கில் மொடமொடவென்று வெள்ளைச் சட்டை, முகம் நிறையப் பவுடர், கையில் பையோடு புது ஆள் ஒருவர் கை காட்டினார். பஸ் நின்றது. கீர்த்தனா சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள்.

"நீங்க ஏறலையா?" என்றார் கண்டக்டர்.

பெருமாள்சாமி சட்டைப்பையைத் தடவினார்.

"அடடா, பர்ஸை மறந்துட்டேனே."

அது பொய்யில்லை. அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே கனகா அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டிருந்தாள்.