வெள்ளை நாப்கின்

கருத்தடை ஊசி போட்டுக்கொண்டதிலிருந்து செந்தாமரைக்கு மாதவிலக்கு நின்றுபோனது. ஊசி போட்டது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் மாதாமாதம் தலைக்குக் குளித்துவிட்டு, உபயோகிக்காத நாப்கினைச் செய்தித்தாளில் சுருட்டிக் கொல்லைப்புறக் குப்பைத்தொட்டியில் போட்டுவருவாள்.

இந்த மாதம் மாமியார் பவுனம்மாளுக்குக் கீரை ஆய, அந்தத் தொட்டிக்குப் பக்கத்தைத் தவிர வேறு இடமே கிடைக்கவில்லை. செந்தாமரை பொட்டலத்தைப் போட்டுவிட்டு வந்து சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். பவுனம்மாள் அதை எடுத்துப் பிரித்தாள். வெள்ளைவெளேரென்று இருந்த நாப்கினை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"போன மாசம் போட்டதையும் நான்தான் எரிச்சேன்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "இனிமே குங்குமத்தைக் கரைச்சு ஊத்திச் சுருட்டு. உன் புருஷன் குப்பையைக் கிளற ஆரம்பிச்சுட்டான்."