பின்னல் பாடம்

சீப்பை எடுத்த அருள்ராஜ் அதை உச்சியில் வைத்து இழுக்கவில்லை. நுனி முடியைக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே சிக்கெடுத்துக்கொண்டு போனான்.

பரவாயில்லையே, மனுஷனுக்கு இவ்வளவு புத்தி இருக்கிறதே என்று ஜெயமணிக்கு வாயெல்லாம் பல்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வலது கை, கழுத்திலிருந்து தொங்கிய பட்டைக்குள் மடங்கிக் கிடந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தோள்பட்டையில் தசைநார் கிழிந்து, அதை இழுத்து வைத்துத் தைத்திருந்தார்கள். ஒன்றரை மாதத்துக்குக் கையைத் தூக்கவே கூடாது. நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வளைகுடா ஊரான ஃபஹாஹீலில் இருந்த தங்கள் ஃபிளாட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள் என்று அருள்ராஜ் தலைபாடாக அடித்துக்கொண்டான். நாசரேத்தில் உன் அம்மா இருக்கிறாள், தங்கச்சி இருக்கிறாள், இங்கே யார் இருக்கிறார்கள், நான் ட்யூட்டிக்குப் போவேனா, உனக்குச் சோறு ஊட்டுவேனா என்றான். டிக்கெட்கூட விசாரித்துவிட்டான்.

ஜெயமணி அசைந்து கொடுக்கவில்லை. போன் கார்டு வாங்கிப் போட்டு அம்மாவுக்குப் பேசி, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவன் இங்கே, அவள் அங்கே. பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆளுக்கு இந்த நாட்டில் பேச்சிலர் என்று பெயர். சம்பளம் ஏறி, ஃபேமிலி விசா கிடைத்து, போன வருஷம்தான் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒரு காரணம் சொல்லி ஊருக்குப் போய் அப்படியே அங்கேயே தங்கிப்போன பெண்களை அவளுக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் சேர அவளுக்கு இஷ்டமில்லை.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். ஒரு வாரம் பார்ப்பது. அருள்ராஜால் சமாளிக்க முடியவில்லை என்றால் அவள் விமானம் ஏறிவிட வேண்டும்.

அதனால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஜெயமணி வீட்டை ஒற்றைக் கைக்குத் தோதாக மாற்றினாள். மேல்தட்டு டப்பாக்களெல்லாம் கீழே இறங்கின. முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டிகள் வந்தன. ஃப்ரீசரில் மீன்குழம்பு கட்டி கட்டியாக உறைந்து கிடந்தது. மகன் ஷூ லேஸைத் தானே கட்டிக்கொள்ளப் பழகினான்.

பாக்கி இருந்தது சடை ஒன்றுதான். அதற்குப் புருஷனை விட்டால் ஆளில்லை. அவனோ நான்கு ஆண்பிள்ளைகளில் ஒருவனாக, அக்கா தங்கை இல்லாமல் வளர்ந்தவன்.

மூன்று துப்பட்டாக்களைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, அவளே பாடம் நடத்தினாள். எதை எதன்மேல் போடுவது என்று தெரியாமல் அருள்ராஜ் திருதிருவென்று முழித்தான். தன் விரலையும் சேர்த்துப் பின்னிக்கொண்டு, ஆளை விடு தாயே என்று கும்பிட்டான். இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சிரிப்புக்கு நடுவிலும் அவளுக்கு உள்ளூரப் பயம்தான். இந்த ஆள் தேறமாட்டான், டிக்கெட் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவன் முடியை மூன்றாகப் பிரித்தான். ஜெயமணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பின்னல் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. எங்கேயும் சுண்டி இழுக்கவில்லை. காதோரம் பிரிந்து நின்ற முடியைச் சுண்டுவிரலால் ஒதுக்கிச் சேர்த்துக்கொண்டான். சோப்புத்தூள் தீர்ந்துவிட்டது, சாயங்காலம் வாங்க வேண்டும் என்று ஏதோ பேசிக்கொண்டே பின்னினான். கண் டிவியில் இருந்தது.

அம்மாகூட இவ்வளவு பதமாகப் பின்னியதில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேறிவிட்டான். இனி யாரும் தன்னை ஊருக்கு அனுப்ப முடியாது.

சடை பாதி முதுகுக்கு வந்ததும் அவன் கை நின்றது. மணிக்கட்டில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டை உருவி, அந்த இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினான். முடிந்தது என்பதுபோல் சடையை மெல்ல ஒரு தட்டுத் தட்டினான்.

ஜெயமணிக்கு முடி இடுப்புக்கும் கீழே. மீதியெல்லாம் பின்னாமல் ஸ்டூலைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் கைக்குப் பழக்கமான சடை அவ்வளவு நீளம்தான். அது வேறு ஒருத்தியுடைய நீளம்.

துப்பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முழித்ததும், ஊருக்குப் போ, ஊருக்குப் போ என்று நச்சரித்ததும் எதற்கு என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது.



"எனக்கு இன்னும் கீழ வரைக்கும் கெடக்கு," என்றாள் ஜெயமணி, திரும்பிப் பார்க்காமல். "அவுத்துட்டு மறுபடியும் பின்னுங்க."

ரப்பர் பேண்டைக் கழற்ற அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.