நாற்பத்தோரு பெர்சன்ட்

"நாற்பத்தொண்ணா? ராத்திரி முழுக்கப் போட்டு வெறும் நாற்பத்தொண்ணா?"

தாமரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய எலெக்ட்ரிக் கார் போர்ச்சில் நாற்பத்தோரு பெர்சன்ட் சார்ஜைக் காட்டிக்கொண்டு, ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

பின்னால் சிரிப்புச் சத்தம். வேறு யார், அண்ணன் தம்புசாமிதான். மலேசியாவில், கிள்ளானில் முப்பது வருஷமாகக் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மனுஷன். பெட்ரோல் வாசனை இல்லாத எதையும் வண்டி என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

"என்ன தாமரை, ஹேன்ட்போன் சார்ஜ் ஏறலையா?"

"ஏறும். நீ உன் வேலையைப் பாருண்ணே."

"லேட்டாச்சுன்னா சொல்லு லா. நான் கொண்டுபோய் விடறேன்."

அதுதானே வேணும் அவருக்கு!

பொங்கலன்று சொந்தக்காரர்கள் இருபது பேர் முன்னால், "மூணே மாசம். லிஃப்ட் கேட்டு என்கிட்ட வருவா, பாருங்க" என்று சிரித்தவர் அவர். தாமரை மட்டும் சும்மா இருந்தாளா?

"ஒரே ஒரு நாள் உன்கிட்ட லிஃப்ட் கேட்டேன்னா சாவியை உன் கையில குடுத்துடறேன். நீயே வித்துக்கோ!"

சபையில் சொன்ன சொல். இனி விழுங்கவா முடியும்?

நாற்பத்திரண்டு வயசில் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் வண்டி அது. சுங்கை பூலோவில் நர்ஸ் வேலை. போக வர எண்பது கிலோமீட்டர். அதுவரைக்கும் பஸ், இல்லாவிட்டால் அண்ணன் எப்போது சும்மா இருப்பார் என்று காத்திருப்பது. திரும்ப அந்தக் காலத்துக்குப் போவதா? செத்தாலும் மாட்டாள்.

ஆனால் இரண்டு வாரமாகச் சார்ஜ் இழுத்தடித்தது. ஏழு கிலோவாட் ஏற வேண்டிய இடத்தில் ஒன்றுதான் ஏறியது. அதுவும் பாதியில் நின்றுவிடும். ஆப்பில் இருந்த செட்டிங்கையெல்லாம் மாற்றிப் பார்த்தாள். சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அன்று சாயங்காலம் சார்ஜர் மாட்டிக்கொடுத்த வயர்மேன் சுகுமாறனைக் கூப்பிட்டுவிட்டாள். அவன் மீட்டரை வைத்து அளந்தான்.

"சுவர்ல இருக்கிற பாக்ஸ் ஓகே. வயரிங் ஓகே. கரண்டும் சரியாத்தான் வருது."

"அப்புறம் என்னதான் கேடு?"

சுகுமாறன் காரில் செருகியிருந்த சார்ஜர் பிடியைத் தொட்டான். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"அம்மாடி! என்னாக்கா இந்தச் சூடு?"

கரண்டை அணைத்து, பிடியைக் கழற்றி, காரின் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்தான்.

"உள்ள என்னமோ அப்பியிருக்குக்கா. கருகியே போச்சு. பின் சரியா ஒட்டலைன்னா சூடாகும். சூடு ஏறினா காரே கரண்டைக் குறைச்சுக்கும். அதான் ஸ்லோ."

"தூசியா?"

"தூசி இல்லக்கா. யாரோ விரலால வச்ச மாதிரி இருக்கு. ஒரு தடவை இல்ல, மேல மேல வச்சிருக்காங்க. தீப்பிடிச்சிருந்தா என்னாவுறது? விளையாட்டா இது?"

அரை மணி நேரம் உட்கார்ந்து சுரண்டித் துடைத்தான். மறுபடி செருகினான். ஏழு!

தாமரைக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. விரலால் வைத்தது யார்?

அவளுடைய ஸ்பேர் சாவி இருப்பது ஒரே ஆளிடம். போர்ச்சில் அண்ணனின் பிக்கப் உள்ளே, இவள் கார் வெளியே. விடிகாலையில் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பும்போது இவள் காரை நகர்த்துவது அவர்தான். ஒர்க்‌ஷாப்பில் டப்பா டப்பாவாக என்னென்ன பசையோ இருக்கிறது.

அடப்பாவி! கூடப் பிறந்தவள் தோற்கணும்னு இவ்வளவு தூரமா? கோபத்தைவிட வலிதான் அதிகமாக இருந்தது. 'இருக்கட்டும், கையும் களவுமாப் பிடிக்கிறேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியும்போதே எழுந்து கதவுக்குப் பின்னால் நின்றாள்.

தம்புசாமி வந்தார். இங்கும் அங்கும் பார்த்தார். காரின் பூட்டைத் திறந்தார். சார்ஜிலிருந்து கழற்றினார். சாக்கெட் முன்னால் குந்தி உட்கார்ந்து, விரலை உள்ளே நீட்டினார்.

"ண்ணே!"

தெருவே எழுந்திருக்கும். அப்படி ஒரு கத்தல்.

"ஜெயிக்கணும்னா நேரா ஜெயிண்ணே! திருட்டுத்தனமா பசையை அப்பி என் காரை எரிக்கப் பார்க்கறியா? நல்லாக் கேட்டுக்கோ, இந்தக் கார் நின்னு போனா நடந்தே சுங்கை பூலோ போவேன். உன் வண்டியில மட்டும் ஏறமாட்டேன்!"

தம்புசாமி நிமிர்ந்தார். குளித்த தலையில் ஈரம் சொட்டியது. நெற்றி நிறையத் திருநீறு. இடது கையில் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம். அதில் குழைத்த சந்தனம், ஓரத்தில் குங்குமம்.

திருடன் மாதிரி முழிப்பார் என்று பார்த்தால், அவரும் எகிறினார்.

"கத்தாதே லா! யாரு எரிக்கிறது? முப்பது வருஷமா என் கையால ஒரு வண்டிகூட இன்ஜின்ல பொட்டு வைக்காம ஹைவே ஏறினதில்ல, தெரியுமா? உன் பானட்டைத் திறந்து பார்த்தேன், வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான் இருக்கு. இன்ஜினையே காணோம்! என் தங்கச்சி தினமும் தனியாப் போறா. நீயே சொல்லு, பொட்டை நான் வேற எங்கே வைக்கிறது?"