பச்சைப் பொத்தான்

மேற்பார்வையாளரின் மேலங்கிப் பையிலிருந்து அவள் கையை வெளியே எடுத்ததை ஒருத்தி பார்த்துவிட்டாள். சோப்புக் கட்டிகளைப் பெட்டியில் அடுக்குகிறவள். ஒட்டடைக்கம்பு என்றால்தான் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"என்னக்கா, அந்தாளு கோட்டுல கைய விட்டுக்கிட்டு?"

"தூசி தட்டினேன்டி."

"தூசி வெளியிலதானே இருக்கும். பைக்குள்ளயா இருக்கும்?"

அவள் மேலங்கியை ஆணியில் நேராக மாட்டிவிட்டு, கலவைத் தொட்டியின் அருகே போய் நின்றாள்.

ஓர் ஆளை நின்றபடி விழுங்கும் ஆழம் அந்தத் தொட்டிக்கு. சோப்புக் குழம்பைக் கிளறும் இரும்புக் கரங்கள் இரண்டும் அரை மணி நேரத்துக்கு முன்பு கட்டிதட்டி நின்றுபோயின. குழம்பை வடித்தாயிற்று, இனி ஒருவர் உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும். இறங்குகிறவர் மெயின் சுவிட்சில் தம் பூட்டை மாட்டி, சாவியைத் தம்மோடு எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். அந்தச் சாவி இல்லாமல் இயந்திரத்தை எவராலும் ஓட்ட முடியாது. சுவரில் எழுதி மாட்டியிருந்த விதி அது. சுவரோடு நின்றுபோன விதி.

"பூட்டு மாட்டிட்டு இறங்குறேன் சார்" என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தாள் அவள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"பின்னால மெயின் ரூமுக்கு ஒரு நடை, திரும்பி ஒரு நடை. நீ ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள லாரி கிளம்பிடும்" என்று சீறினார் மேற்பார்வையாளர். நாற்பது பேர் பார்க்க, அவள் கையிலிருந்த பூட்டைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தார். "உன் புருஷன் தூங்குமூஞ்சி, விரலை விட்டுட்டுப் போனான். நீ பயந்தாங்கொள்ளி. நல்ல ஜோடிப் பொருத்தம்."

போன ஆண்டு இதே தொட்டியில், பூட்டுவதற்கு நேரமில்லை என்று இதே மனிதர் விரட்டி இறக்கிய நேரத்தில், விவரம் தெரியாத யாரோ சுவிட்சைப் போட்டார்கள். அவள் கணவனின் வலக்கையில் மூன்று விரல்கள் போயின. விசாரணைத் தாளில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டவரும் இதே மனிதர்தான். அன்றுமுதல் கணவனின் சட்டைப் பொத்தான்களை அவள்தான் மாட்டிவிடுகிறாள். காலைதோறும் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சபதம்.

கத்தினால் வேலை போகும். அழுதால் அந்த மனிதர் குளிர்ந்துபோவார். இரண்டில் எதையும் அவருக்குத் தானம் செய்ய அவளுக்கு மனமில்லை.

"எவளும் வேணாம். நானே இறங்கிக் காட்டறேன்" என்று மார்தட்டினார் மேற்பார்வையாளர். அதற்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. புழுக்கத்தில் கழற்றிய மேலங்கியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

அவள் குனிந்து குப்பைக் கூடையைக் கிளறிப் பூட்டைத் தேடி எடுத்தாள். கைத்துணியால் துடைத்தபடி கூடத்தின் பின்பக்கம் போனாள். ஒதுக்குப்புறமாக அழப் போகிறாள் என்று நினைத்து எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் திரும்பி வந்தவளின் கண்கள் உலர்ந்திருந்தன. அதன் பிறகுதான் அந்த மேலங்கிப் பை.

மேற்பார்வையாளர் வந்தார். சோப்புக் காரம் தோலை அரிக்கும். தம் தோல்மீது மட்டும் அவருக்கு மிகுந்த அக்கறை. மேலங்கிக்குக் கை நீட்டினார். அவள் எடுத்து, மாட்டிக்கொள்ள வாகாகப் பிடித்தாள்.

"இந்த அக்காவுக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்று முணுமுணுத்தாள் ஒட்டடைக்கம்பு.

அவர் ஏணியில் இறங்கினார். தொட்டிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "பூட்டு வேணுமாம் பூட்டு. இப்ப நான் என்ன செத்தா போயிட்டேன்?"

தொட்டியின் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். சிவப்பு, நிறுத்துவதற்கு; பச்சை, ஓட்டுவதற்கு.

"சார்," என்றாள் அவள், "பச்சைப் பொத்தான் மேல கை வச்சிருக்கேன்."

சுரண்டும் ஓசை நின்றது.

"ஏய், விளையாடாதே."

"விசாரணைத் தாள்ல என்ன சார் எழுதினீங்க?"

"கைய எடு முதல்ல. உன் வேலையே போயிடும்."

"என்ன எழுதினீங்க?"

"அம்மா, தாயே, கைய எடும்மா." ஆண்மை பேசிய குரல் அழுகுரலாயிற்று. "பொய்தான் எழுதினேன். அவன் பூட்டணும்னுதான் சொன்னான். நான்தான் விடல. போதுமா?"

நாற்பது பேரும் கேட்டார்கள்.

"அக்கா, வேணாம்க்கா" என்று ஒட்டடைக்கம்பு ஓடிவந்தாள். எட்டிப் பிடிப்பதற்குள் அவள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

டக்.

உள்ளிருந்து எழுந்த அலறலில் கூடமே கண்ணை மூடிக்கொண்டது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. இரும்புக் கரங்கள் அசையவில்லை. முகமெல்லாம் சோப்பு அப்பியிருக்க, ஏணியில் தட்டுத் தடுமாறி ஏறி வந்து தரையில் சரிந்தார் மேற்பார்வையாளர்.

"கொலைகாரி. என்னைக் கொல்லப் பாத்தா. எல்லாரும் பாத்தீங்கல்ல?"

"பாத்தோம் சார்," என்றாள் ஒட்டடைக்கம்பு, "அதுக்கு முன்னால நீங்க சொன்னதையும் கேட்டோம்."

அவள் மட்டும் குரலை உயர்த்தவே இல்லை. "உங்க பையில கைய விட்டுப் பாருங்க சார்."

அவர் துழாவி வெளியே எடுத்தது அவள் பூட்டின் சின்னச் சாவி.

"சாவியோடதான் சார் உங்கள இறக்கினேன், என் வீட்டுக்காரரை நீங்க அப்படி இறக்கல."