கார்லண்ட் தேர்ந்தெடுத்த ஆலை

"அஞ்சு கிளாஸ் தர்ற இடத்தை விட்டுட்டு, ஒரே ஒரு கிளாஸ் தர்ற இடத்துக்குப் போகணுமாம். கேட்டியா டேல், உன் சிநேகிதன் பேசறதை?"

லோர்னாவின் குரல் பக்கத்து மேஜை வரை கேட்டது. ஹோட்டலில் காலைச் சாப்பாடு இன்னும் முடியவில்லை.

போர்பன் விஸ்கிக்குப் பேர்போன கென்டக்கியிலேயே பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் பண்ணிக்கொண்டு, ஒரு விஸ்கி ஆலைக்குள்கூடக் கால் வைத்ததில்லை என்பது அவளுடைய நெடுநாள் குறை. அதற்காகத்தான் கணவன் டேலைக் கிளப்பிக்கொண்டு, ஆலைகள் நிறைந்த பார்ட்ஸ்டவுனுக்கு வந்திருந்தாள்.

"கார்லண்டும் வரட்டுமே" என்று டேல் பிடிவாதம் பிடித்ததில்தான் அவளுக்கு எரிச்சல். தினமும் சாயங்காலம் அவனுடைய கார் ஷெட்டில் போய் உட்கார்ந்து குடிப்பது போதாதா? இங்கேயுமா?

கார்லண்ட் வரைபடத்தில் விரலை வைத்தான். "டக்கர் பிராஞ்ச். சின்ன ஆலைதான். ஆனா பீப்பாய் செய்யறதைப் பார்க்கலாம். உள்பக்கத்தைத் தீயில கருக்குவாங்க பாரு, அது ஒரு அழகு. ஊத்து இருக்கு, சோளக்காடு இருக்கு..."

"சோளக்காடு எங்க வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கு. கார்ட்ரைட் ஹில்லுல மேஜை போட்டு உட்கார வெச்சு அஞ்சு விதமா ஊத்தித் தர்றாங்களாம். எங்க அக்கா சொன்னா."

"அங்கே கூட்டம், லோர்னா."

"அதெல்லாம் இல்லை. அந்தச் சின்ன ஆலையில உனக்குத் தெரிஞ்சவன் எவனோ இருக்கான். ஓசியில ரெண்டு பாட்டில் தேறும். அதானே?"

கார்லண்ட் சிரித்தான். "கண்டுபிடிச்சிட்டியே!"

"டேல், நீ சொல்லு."

டேல் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கார்லண்ட் சொல்ற இடத்துக்கே போயிடலாமே" என்றான்.

போனார்கள். பீப்பாய், ஊற்று, சோளம் எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் ஒரு நீள மேஜையில் எல்லோரையும் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் ஊற்றினாள் வழிகாட்டிப் பெண்.

லோர்னா பக்கத்திலிருந்த அம்மாளிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினாள். டேலின் கிளாஸ் கார்லண்டின் வாயில் இருந்தது.

"ஏய்! அது டேலோடது!"

கார்லண்ட் காலி கிளாஸைக் கீழே வைத்தான்.

"வெட்கமா இல்லை உனக்கு? அடுத்தவன் கிளாஸைப் பிடுங்கிக் குடிக்கறியே! எல்லாரும் நல்லா பார்த்துக்குங்க. என் புருஷனைக் கெடுத்த குடிகாரன் இவன்தான்! இன்னும் கொஞ்சம் விட்டா பீப்பாய்க்குள்ளேயே குதிச்சிடுவான்!"

மேஜை முழுக்கச் சிரித்தது. லோர்னா பேசினால் சிரிக்காதவர்கள் கிடையாது.

கார்லண்டின் காது மடல்கள் சிவந்துவிட்டன. "நாக்கு கேக்கலை தாயே, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக எழுந்து வெளியே போனான்.

கார் நிறுத்துமிடத்தில் லோர்னா கையை நீட்டினாள். "சாவியைக் கொடு, டேல். நான் ஒரு வாய்க்கு மேல குடிக்கலை."

"நானே ஓட்டறேன். நான் குடிக்கவே இல்லையே."

"அதான் அவன் குடிச்சிட்டானே!"

"நான்தான் குடிக்கச் சொன்னேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"ஈஸ்டர்லேருந்து ஒரு சொட்டு தொடலை, லோர்னா."

"அப்போ தினம் சாயங்காலம் அவன் ஷெட்டுல?"

"காப்பி. எனக்குக் கை நடுங்கற வேளை அது. நடுக்கம் நிக்கற வரைக்கும் எதையாவது பேசிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். இந்தப் பயணம்னு நீ சொன்னதும் பயந்துட்டேன். எந்த இடத்துல கம்மியா ஊத்தறாங்கன்னு ஒவ்வொரு ஆலைக்கா போன் போட்டுக் கேட்டவன் அவன்தான். 'அந்த ஒரு கிளாஸை நான் பார்த்துக்கறேன், நீ தைரியமா வா'ன்னான்."

தூரத்தில் கார்லண்ட் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் எழுதியிராத அறிவிப்புப் பலகையை நின்று நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே தான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் லோர்னாவின் காதில் மறுபடி விழுந்தது. அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே அவளால் முடியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அவன்கிட்ட சொல்லியிருக்கே. கட்டின பொண்டாட்டி, என்கிட்ட ஏன் சொல்லலை?"

டேல் கார் கதவைத் திறந்தான்.

"போன வருஷம் குடியை விட்டப்போ முதல்ல உன்கிட்டதான் சொன்னேன். உங்க அக்கா வீட்டு விருந்துல, குடிக்காம நான் நடுங்கறதை நீ எல்லாருக்கும் நடிச்சே காட்டினே. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்."

அவன் குரலில் கோபமே இல்லை.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்துதான் மறுபடி குடிச்சேன்."